உலை எரிப்பான்களின் வெப்ப மீட்பூடகங்கள்: மாசடைதலும் துப்புரவாக்கலும்

உலோகம் உருக்கும் உலையொன்றில் எரிக்கப்படும் எரிபொருளின் வெப்பம் முழுவதும் உலோகத்தைச் சென்றடைவதில்லை. இயற்கை வாயுவை எரிக்கும் உலையிலிருந்து 1000 பாகை செல்சியசு வெப்பநிலையில் வெளியேறும் கழிவு வாயுக்கள், எரிபொருள் தந்த வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியைத் தம்முடன் சுமந்துகொண்டே புகைபோக்கியை அடைகின்றன. அவ்வெப்பத்தை மீட்டு, உலையினுட் செல்லும் வளிக்கு ஊட்டும் முறைகள் பற்றிப் பொறியியல் நூல்கள் விரிவாகப் பேசும். ஆனால், அம்மீட்பைச் செய்யும் ஊடகம் நாளடைவில் மாசடைவதையும், அதனைத் துப்புரவாக்கி மீண்டும் பணிக்கு உரியதாக்குவதையும் அவை பெரும்பாலும் ஓரிரு பந்திகளில் முடித்துவிடுகின்றன. சமன்பாடுகளுக்கு எளிதில் அடங்காத இப்பகுதியே உலைக்களத்தில் நாள்தோறும் எதிர்ப்படுவதாகும். ஆகவே அதனையே ஈண்டு நாம் ஆராய முற்படுகின்றோம். அலுமினியத்தை மீளவுருக்கும் உலையை முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மீட்பூடகம் மிக விரைவாக மாசடையும் இடங்களுள் அதுவும் ஒன்றாதலின் என்க.

மீட்பின் தத்துவம் எளிது. கடலை வறுப்போர் முதலில் மணலைச் சூடாக்கி, அம்மணலின் வெப்பத்தாற் கடலையை வறுப்பதை நாம் அறிவோம். நெருப்பிடமிருந்து வாங்கிய வெப்பத்தை மணல் தன்பால் வைத்திருந்து கடலைக்குக் கொடுக்கின்றது. வெப்ப மீட்பகத்தில் மணலின் இடத்தைச் செங்கல்லோ வெண்களி உருண்டையோ பெறுகின்றது. சூடான கழிவு வாயு சிறிது நேரம் அதனூடு சென்று அதனைச் சூடாக்கும். பின்னர் பாய்ச்சல் திசை மாற்றப்பட, குளிர்ந்த வளி அதே வழியால் எதிர்த்திசையில் வந்து அவ்வெப்பத்தைப் பெற்று உலையை அடையும்.

இத்தத்துவம் பழையது. உரொபேட்டு சிரேளிங்கு 1816 ஆம் ஆண்டிற் பெற்ற காப்புரிமையிலேயே இதன் கருவைக் காணலாம். பிரெடரிக்கு சீமென்சு 1856 இல் இதனை உலைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். எட்வேட்டு கூப்பர் 1857 இல் இரும்பு ஊதுலைக்குரிய வெப்ப வளி அடுப்பிற்கு இதனைப் பயன்படுத்தினார். மைக்கேல் பரடே இலண்டன் உரோயல் நிறுவனத்தில் 1862 யூன் மாதத்தில் நிகழ்த்திய தமது இறுதி வெள்ளிமாலைச் சொற்பொழிவுக்குச் சீமென்சின் வாயு உலையையே பொருளாக எடுத்துக்கொண்டார். மின்னியலின் தந்தையருள் ஒருவர் தம் இறுதிப் பேருரையை உலைக்கு ஒதுக்கியமை இத்துறையை எளிதாக எண்ணுவோர் கவனிக்கத் தக்கது.

நமது பொருளுக்கு இவற்றினும் நெருங்கியது பிறிதொரு செய்தி. கூப்பரின் அடுப்புகளில் ஊதுலை வாயு கொண்டுவந்த தூசி, செங்கல் இடைவழிகளை அடைத்தது. 1860 களில் வட இங்கிலாந்தைச் சேர்ந்த தோமசு விற்வெல் என்பார் அகன்ற நேர்வழிகளைக் கொண்ட வேறோர் அடுப்பை அமைத்தார். வெப்பங்கொள்ளும் பரப்பு அதிற் குறைவு. எனினும் தூசியை இலகுவாக அகற்றக் கூடியதாயிருந்தமையால் அது விரும்பப்பட்டது. வெப்ப மீட்பகத்தின் வடிவத்தை வெப்பவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைத் துப்புரவாக்குவோரின் கையும் தீர்மானிக்கின்றது என்னும் உண்மை அக்காலத்திலேயே தெளிவாகிவிட்டது.

சீமென்சு காலத்து மீட்பகங்கள் வீடளவு பெரியவை. கண்ணாடி உலைகளில் அத்தகையன இன்றும் உள. அவற்றில் ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை திசை மாற்றப்படும். 1980 களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில், தொழிலாளர் பர்னர் என வழங்கும் எரிப்பானுடனேயே சிறியதொரு மீட்பகத்தை இணைக்கும் முறை உருவாக்கப்பட்டது. 1990 களில் யப்பானியர் இதனை மேலும் விரிவாக்கினர். இம்முறையில் எரிப்பான்கள் சோடியாக இயங்கும். ஒன்று எரியும்பொழுது மற்றையது புகைபோக்கியாகத் தொழிற்பட்டு, கழிவு வாயுவைத் தன் ஊடகப் படுகையினூடு உறிஞ்சும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் இரண்டும் தம் தொழிலை மாற்றிக்கொள்ளும். 1000 பாகையிற் புகும் வாயு 200 பாகையளவிற் படுகையை விட்டு நீங்க, எதிர்வரும் வளி உலையின் வெப்பநிலைக்கு 150 அல்லது 200 பாகை குறைவான நிலை வரை சூடேறுகின்றது.

ஊடகம் இருவகைப்படும். ஒன்று, 20 தொடக்கம் 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள அலுமினா உருண்டைகளை ஒழுங்கின்றிக் கொட்டி அமைத்த படுகை. மற்றையது, நுண்ணிய சதுரத் துவாரங்கள் நேராகச் செல்லும் தேன்கூட்டு வடிவக் கட்டிகள். இவை கோடியரைற்று, முல்லைற்று, அலுமினா ஆகியவற்றால் ஆக்கப்படும். பரப்பை ஒப்பிடுவோம். 20 மில்லிமீற்றர் உருண்டைப் படுகையில், இடைவெளி 40 சதவீதமெனக் கொண்டால், ஒரு கன மீற்றரில் உள்ள மேற்பரப்பு 180 சதுர மீற்றர். 2.5 மில்லிமீற்றர் துவாரமும் அரை மில்லிமீற்றர் சுவரும் உடைய தேன்கூட்டில் அது 1100 சதுர மீற்றரை விஞ்சும். வெப்பத்தை மட்டும் கருதுவோர் தேன்கூட்டையே தெரிவர். ஆனால் 2.5 மில்லிமீற்றர் துவாரத்தை அடைக்க எவ்வளவு மாசு வேண்டும்? அடைபட்ட பின்னர் அதனைக் குடைந்து எடுப்பது எங்ஙனம்? உருண்டைகளையோ வெளியே கொட்டிக் கழுவி மீண்டும் இடலாம். மாசு மிகுந்த அலுமினிய உலைகளில் உருண்டைகளும், தூய வாயு செல்லும் உலைகளிற் தேன்கூடும் பொதுவாக வழங்கிவருவதற்குக் காரணம் இதுவே.

ஓர் உருண்டை ஒரு நிமிடத்தில் முற்றாகச் சூடேறி முற்றாகக் குளிர்கின்றது என எண்ணுதல் தவறு. 300 கிலோகிராம் அலுமினா உள்ள படுகை 400 கிலோவாற்று வீதத்தில் 60 செக்கன் வெப்பம் பெறுவதாகக் கொள்வோம். அது பெறும் வெப்பம் 24 மெகாயூல். அலுமினாவின் தன்வெப்பத்தை 1.1 கிலோயூல் எனக் கொண்டால், படுகையின் சராசரி வெப்பநிலை 73 பாகை மட்டுமே உயர்கின்றது. எனவே படுகையின் உலைப்பக்கம் எப்பொழுதும் மிகச் சூடாகவும், மறுபக்கம் எப்பொழுதும் ஒப்பளவிற் குளிராகவும் இருக்கும். இடையில் ஒவ்வொரு மட்டமும் தனக்கென ஒரு வெப்பநிலையைக் கொண்டிருக்கும். மாசு எங்கே படியும் என்பதை இந்நிலையான படிநிலையே தீர்மானிக்கின்றது.

அலுமினிய உலையில் மாசு இருவழியால் வருகின்றது. உலோகம் ஒட்சியேற்றமடைவதால் உண்டாகும் அலுமினியம், மகனீசியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுத் தூசி ஒன்று. உருகிய உலோகத்தை மூடிக் காக்கவும் கசட்டைப் பிரிக்கவும் இடப்படும் இளக்கி உப்புகளின் ஆவி மற்றொன்று. இவ்வுப்புகள் பெரும்பாலும் சோடியங் குளோரைட்டும் பொற்றாசியங் குளோரைட்டும் சிறிதளவு புளோரைட்டும் கலந்தவை. தனித்தனியே 801 பாகையிலும் 770 பாகையிலும் உருகும் அக்குளோரைட்டுகள், சமமூல் அளவிற் கலந்தவிடத்து 660 பாகைக்கு அண்மையில் உருகுகின்றன. அலுமினியம் உருகுவதும் 660 பாகையிலேயே. அவை இளக்கியாகப் பயன்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே இயல்பு படுகைக்குப் பகையாகின்றது. உலையிலிருந்து ஆவியாக வரும் உப்பு, படுகையின் சூடான மேற்பகுதியைத் தடையின்றிக் கடந்து, இடையில் ஒரு மட்டத்தில் ஒடுங்கித் திரவமாகி உருண்டைகளை ஈரமாக்கும். ஈரமான அவ்விடத்தில் உலர்ந்த ஒட்சைட்டுத் தூசி ஒட்டிக்கொள்ளும். அதற்குச் சற்றுத் தாழ உப்பு உறைந்து, தூசியும் தானும் ஒன்றான கட்டியாகும். உலர்ந்த தூசியில் ஒருபகுதியை எதிர்த்திசையில் வரும் வளி ஊதி உலைக்கே அனுப்பிவிடுவதுண்டு. உப்பாற் பிணைக்கப்பட்ட தூசி அவ்வாறு நீங்குவதில்லை. சுருங்கக் கூறின், தூசி சுண்ணாம்பெனின் உப்பு அதன் பசை.

அடைப்பு இவ்வாறு மெல்லிய ஒரு பட்டையில் நிகழ்வது என்பது மிக முக்கியமானது. உருண்டைப் படுகையூடு விரைவாகச் செல்லும் வாயு எதிர்நோக்கும் தடை, இடைவெளிப் பின்னத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்திலும், திண்மப் பகுதியின் பின்னத்திற்கு நேர்விகிதத்திலும் அமையும். இடைவெளி 40 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகப் படுகை முழுவதிலும் குறைந்தால், அதே பாய்ச்சலுக்குரிய அமுக்க இழப்பு ஏறத்தாழ 2.8 மடங்காகும். விசிறியின் உறிஞ்சல் மாறாதிருப்பின் பாய்ச்சல் 60 சதவீதமாகக் குறைந்துவிடும். இது எளிதில் நம்பத்தக்கது. ஆனால் படுகையின் ஆழத்திற் பத்தில் ஒரு பங்கில் மட்டும் இடைவெளி 20 சதவீதமாகக் குறைந்து, ஏனைய ஒன்பது பங்கும் புதிதுபோல் இருப்பினும், மொத்தத் தடை ஏறத்தாழ இருமடங்காகின்றது. மேலிருந்து நோக்குவோர் தூய உருண்டைகளைக் கண்டு, படுகை நன்றாகவே இருக்கின்றதெனத் திரும்பிச் செல்வர். நோயோ ஒரு சாண் கீழே உள்ளது.

இதனினும் ஏமாற்றுவது வெப்பமானியாகும். படுகை அடைபடுந்தோறும் அதனூடு செல்லும் கழிவு வாயுவின் அளவு குறைகின்றது. குறைந்த வாயு, அதே உருண்டைகளிடம் தன் வெப்பத்தை மேலும் நன்றாகக் கொடுத்துவிட்டு வெளியேறும். ஆகவே வெளியேறும் வாயுவின் வெப்பநிலை உயராது, தாழவும் கூடும். அதனைக் குறித்துவைப்பவர் மீட்பகம் முன்னையினும் திறமையாகத் தொழிற்படுகின்றதென மகிழ்வார். உண்மையில், படுகை ஏற்க மறுத்த வாயு உலையின் பொதுப் புகைவழியால் 1000 பாகையில் வெளியேறிக்கொண்டிருக்கும். நல்ல நிலையிலுள்ள தொகுதியில் கழிவு வாயுவில் 80 தொடக்கம் 90 சதவீதம் படுகைகளூடு செல்லும். எஞ்சியதே புகைவழியாற் செல்லும். இவ்விகிதம் மாறுவதை வெளியேறும் வாயுவின் வெப்பநிலை காட்டாது. ஆகவே வெப்பநிலையை மட்டும் கொண்டு படுகையின் நலத்தைக் கணிப்பது தவறென்பதே நமது முடிபு. பார்க்க வேண்டியது படுகையின் இருபுறத்திற்குமிடையிலான அமுக்க வேறுபாட்டை. அதனையும் அறிந்த ஒரே பாய்ச்சலிற் பார்க்க வேண்டும்.

வேறு அறிகுறிகளும் உள. உலையின் அமுக்கம் உயர்ந்து கதவோரங்களால் தீ நாக்கு நீட்டும். சோடியில் ஒன்று எரியும்போது சுவாலை நீண்டும் மற்றையது எரியும்போது குறுகியும் தோன்றும். இவற்றுள் அபாயமானது வளிக் குறைவு. அடைபட்ட படுகை உறிஞ்சலை மட்டுமன்றி ஊதலையும் தடுக்கின்றது. எரிபொருளின் அளவு வளியின் அளவைப் பின்பற்றுமாறு கட்டுப்படுத்தப்படாவிடில், எரிபொருள் மிகுந்து காபனோரொட்சைட்டு உண்டாகும். அது பின்னர் வளியைச் சந்திக்கும் இடத்தில், சிலவேளை குழாயினுள்ளேயே, எரியக்கூடும். மாறாக, படுகையின் ஓரத்தால் வாயு தனக்கொரு குறுக்குவழி கண்டுகொண்டால், அப்போது வெளியேறும் வெப்பநிலை உண்மையாகவே ஏறும். உருண்டைகளைத் தாங்கும் உருக்குச் சல்லடை வளைந்து, உருண்டைகள் குழாயினுள் விழும்.

இனித் துப்புரவாக்கலுக்கு வருவோம். உப்பு மிகுதியாக இடப்படும் உலையிற் சில வாரங்களுக்கு ஒருமுறையும், தூய உலோகம் உருக்கும் உலையிற் பல மாதங்களுக்கு ஒருமுறையும் இது தேவைப்படும். நாட்காட்டியை நோக்கிச் செய்வதினும் அமுக்கமானியை நோக்கிச் செய்வது சிறந்தது. தூய படுகையின் அமுக்க இழப்பு இருமடங்காகும்போது செய்வதென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளலாம். உருண்டைகளை வெளியே எடுத்த பின்னர், முதலில் உருண்டையினும் சற்றுச் சிறிய இடைவெளியுள்ள அரிதட்டிற் சலித்து உடைந்தவற்றையும் தூசியையும் நீக்க வேண்டும். அடுத்து நீரிற் கழுவுதல். உப்பு நீரிற் கரைவதால், பசை கரைய, அது பிணைத்துவைத்த தூசி தானாகவே உதிர்ந்துவிடும். சுழலும் உருளையில் இட்டுக் கழுவினால் உருண்டைகள் ஒன்றோடொன்று உரசித் துப்புரவாகும். பின்னர் அவற்றை நன்கு உலர்த்த வேண்டும். ஈரத்துடன் இட்டு எரிப்பானை முழு வலுவில் மூட்டினால் நுண்துளைகளிற் தங்கிய நீர் ஆவியாகி உருண்டையைப் பிளக்கும். அலுமினா உருகுநிலை மிக உயர்ந்ததாயினும் திடீர் வெப்பமாற்றத்தைத் தாங்குவதில் வலிமை குன்றியது. எனவே உலர்ந்த படுகையையும் மெதுவாகவே சூடேற்றல் வேண்டும்.

கழுவுதல் எளிதெனக் கூறினோம். ஆனால் அபாயமற்றதெனக் கூறவில்லை. படிவில் உலோக அலுமினியத்தின் நுண்துணிக்கைகளும், அலுமினியம் நைத்திரைட்டும், அலுமினியம் காபைட்டும் கலந்திருக்கலாம். நீர் பட்டவுடன் முதலாவது ஐதரசனையும், இரண்டாவது அமோனியாவையும், மூன்றாவது மெதேனையும் வெளிவிடும். இவற்றுள் அமோனியாவை மூக்கு உடனே அறிந்துகொள்ளும். மற்றையவை இரண்டும் மணமற்றவை, எரியக்கூடியவை. மூடிய அறையில், மூடிய உருளையில், அருகே தீப்பொறி எழும் இடத்தில் இவ்வேலையைச் செய்தல் ஆகாது. அமோனியாவின் நெடி எழுந்தால் அதனை வெறும் துர்நாற்றமெனக் கருதாது, ஏனைய இரு வாயுக்களும் உடன் இருக்கலாமென்பதற்கு எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். கழுவிய நீரில் குளோரைட்டும் புளோரைட்டும் இருப்பதால் அதனை வடிகாலில் விடலாகாது.

தூசியும் தனியே கருதத்தக்கது. மீட்பகத்தின் சுவர்களிற் காப்புப் பொருளாக வெண்களி நார் பயன்படுத்தப்பட்டிருப்பின், நெடுநாள் உயர் வெப்பம் பட்ட அந்நாரில் கிறித்தோபலைற்று எனும் சிலிக்கா உருவாகின்றது. இது சுவாசப்பையிற் புற்றுநோயை உண்டாக்குவது. படுகையைத் திறப்போர் உலர்ந்த நாரைக் கையாற் பிய்த்தும் விளக்குமாற்றாற் கூட்டியும் அகற்றுவது வழக்கத்தில் உள்ளதெனின், அவ்வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். ஈரமாக்கியோ, நுண்வடி பொருத்திய உறிஞ்சியைக் கொண்டோ அகற்றுதல் வேண்டும். சூடும் உண்டு. எரிப்பானை நிறுத்திப் பல மணிநேரம் கழிந்தும் படுகையின் நடுப்பகுதி செந்தணலை ஒத்திருக்கும். வெப்பத்தைச் சேர்த்துவைப்பதற்கென்றே அமைக்கப்பட்ட பொருள் அதனை விரைந்து விட்டுவிடும் என எதிர்பார்த்தல் பொருந்தாது. உற்பத்தி தடைப்படுகின்றதென அவசரப்படுத்தும் மேற்பார்வையாளர் இதனை மறந்துவிடுகின்றனர். இதற்குத் தீர்வு எளிது: உருண்டைகள் நிரப்பிய மாற்றுப் பெட்டியொன்றை ஆயத்தமாக வைத்திருந்து, மாசடைந்த பெட்டியை முழுமையாகக் கழற்றி, வேறிடத்தில் ஆறவிட்டுத் துப்புரவாக்கலாம். அதற்காகும் மேலதிகச் செலவு, அவசரத்தால் நேரும் விபத்தொன்றின் செலவினும் மிகச் சிறிது.

பிற உலைகளில் நிலைமை வேறு. உருக்குக் கட்டிகளைச் சூடாக்கும் உலையில் வருவது இரும்பொட்சைட்டுத் தூசி. அது ஊடகத்திலுள்ள சிலிக்காவுடன் கூடி 1205 பாகையில் உருகும் இரும்புச் சிலிக்கேற்றை உண்டாக்கலாம். அவ்வாறு உருகி ஒட்டியதை எந்நீரும் கழுவாது. ஊடகத்தை மாற்றுதலே வழி. கண்ணாடி உலையிற் சோடியஞ் சல்பேற்று ஒடுங்கிப் படியும். அது 884 பாகையில் உருகுவதால், மீட்பகத்தின் கீழ்ப்பகுதியை எரிப்பானொன்றினால் மேலும் சூடாக்கி, படிவை உருக்கி வடியவிடும் முறை கையாளப்படுகின்றது. உலையை நிறுத்தத் தேவையில்லை என்பது இதன் சிறப்பு. கார ஆவி மட்டும் படிவதோடு நில்லாது ஊடகத்தையே தாக்கும். சோடியம் ஒட்சைட்டு அலுமினாவுடன் சேர்ந்து கனவளவு கூடிய சேர்வையைத் தோற்றுவிப்பதால் மேற்பரப்பு உரிந்து விழும். உருண்டை தேய்ந்து சிறுத்திருப்பதையும் நிறம் மாறியிருப்பதையும் துப்புரவாக்குவோரே முதலிற் காண்பர். அவர்களிடம் அதனைக் கேட்டறியும் வழக்கம் வேண்டும்.

மாசைக் குறைக்கும் வழியும் உண்டு. இளக்கி உப்பை இட்டுக் கிளறும் வேளையில் படுகைகளின் உறிஞ்சலை நிறுத்தி, வாயு முழுவதையும் பொதுப் புகைவழியாற் போகவிட்டால், உப்பாவியிற் பெரும்பகுதி படுகையை அடையாது. அச்சிறிது நேரம் மீட்பு இல்லாமற் போகும். அவ்விழப்பைத் தாங்கிக்கொள்வதே இலாபம். ஒரு மணித்தியால வெப்பத்தை விடமனமின்றி ஒரு மாதப் படுகையைக் கெடுத்தல் சிக்கனமாகாது.

சோடியில் ஒன்றை மட்டும் துப்புரவாக்கி மற்றையதைப் பின்போடுவதும் விரும்பத்தக்கதன்று. இரு அரைச்சுற்றுகளிலும் பாய்ச்சல் வேறுபட, உலையின் அமுக்கம் நிமிடந்தோறும் ஏறியிறங்கும். கட்டுப்பாட்டுக் கருவிகள் அதன் பின்னே ஓடிக் களைக்கும். இரண்டையும் ஒருங்கே துப்புரவாக்கி, உருண்டைகளை முன்னிருந்த ஆழத்திற்கே நிரப்பி, உடைந்தவற்றுக்கு ஈடாகப் புதியவற்றை இட்டு, மேற்பரப்பைச் சமப்படுத்திய பின்னர், உலையை மூட்டுவதற்கு முன்னதாகக் குளிர்ந்த வளியை அறிந்த பாய்ச்சலிற் செலுத்தி, இரு படுகைகளினதும் அமுக்க இழப்பைப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். பின்வரும் மாதங்களிற் குறிக்கப்படும் எண்கள் அனைத்தும் அவ்விரு எண்களோடு ஒப்பிடப்பட்டே பொருள் பெறும்.